கிளிப்பிள்ளை சொல்வது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், என்னிடம் படித்த பையன் ஒருவன் வீட்டுக்கு வந்தான். பையன் என்று சொல்வது என் பழக்கம். அவனுக்கே ஆறு வயதில் மகள் இருக்கிறாள். மாத்தளையிலிருந்து தம்புள்ளைக்குப் போகிற வீதியில், ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வேலை. வெள்ளைக்காரர்களை மிளகுக் கொடிக்கும் கறுவா மரத்துக்கும் நடுவே கூட்டிப்போய் மூன்று பாஷையில் விளக்கம் சொல்கிற வாய் அது. அன்றைக்கு அந்த வாய் திறக்கவில்லை. சாயத்தண்ணிக் கோப்பையை இடது கையால் வாங்கினான். வலது கை ஆள்காட்டி விரலில் பிளாஸ்டர்.

"கிளி, டீச்சர்."

"கொத்திடிச்சா?"

"கொத்துனா பரவாயில்லையே. புடிச்சு, கடிச்சு, திருகிட்டுத்தான் விட்டான்."

சரியாகத்தான் சொன்னான். கோழி கொத்தும், மைனா கொத்தும். கிளி கடிக்கும். மற்றப் பறவைகளைப் போலில்லாமல் கிளிக்கு மேல் மூக்கும் நன்றாக அசையும், கீல் வைத்த கதவு மாதிரி. வளைந்த மேல் மூக்கு கொக்கி போல் பிடித்துக்கொள்ள, கீழ் மூக்கு உளி போல் அறுக்கும். காய்ந்த விதையை உடைப்பதற்கென்று வந்த கருவிக்கு விரல் எம்மாத்திரம்.

வாங்கி மூன்று வாரம் ஆகிறதாம். நீல நிறக் கிளி. நம் வேலியில் வந்து உட்காருகிற பச்சைக்கிளியின் சாதிதான். கூட்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பெருக்கி எடுத்த நிறம். கண் முழுக்கக் கறுப்பாக இருக்கிறதா என்று கேட்டேன். ஆமாம் என்றான். அப்படியானால் குஞ்சு. வளர வளரத்தான் கண்மணியைச் சுற்றி வெளிறிய வளையம் விழும். இந்தச் சாதிக் கிளிகளுக்கு நாலு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் ஒரு முரட்டுப் பருவம் வரும் என்று வளர்க்கிறவர்கள் சொல்வார்கள். கையில் விளையாடிக்கொண்டிருந்ததே ஒருநாள் சீறும். ஆனால் இவனுடைய கிளியின் கதை அது இல்லை. கடைக்காரர் வலையைப் போட்டுப் பிடித்து, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டிக்குள் திணித்துக் கொடுத்திருக்கிறார். ஆட்டோவில் குலுங்கி வீடு வந்த அன்றைக்கே மகள் தொட்டுப் பார்க்கக் கேட்டிருக்கிறாள். இவன் கூட்டுக்குள் கையை விட்டிருக்கிறான்.

"அதுக்கப்புறம்?"

அதற்கப்புறம் ஊரே ஆலோசனை சொல்லியிருக்கிறது. மூக்கில் சுண்டச் சொன்னார் ஒரு பெரியவர். முகத்தில் தண்ணீர் தெளிக்கச் சொன்னார் இன்னொருவர். மச்சான் வெல்டிங் வேலை செய்கிறவர், தன் தோல் கையுறையைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அதை மாட்டிக்கொண்டு கையை விட்டதும் கிளி கூட்டின் மேல்கம்பியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு கத்தியதாம்.

"உன் கிளி என்ன எடை இருக்கும்?" என்று கேட்டேன். தெரியவில்லை. இந்தச் சாதிக் கிளி ஏறக்குறைய 120 கிராம். ஒரு மனிதக் கை, மணிக்கட்டு வரைக்கும், 400 கிராம் அளவுக்கு வரும். கிளி பார்ப்பது, தன்னைவிட மூன்று மடங்கு பெரிய, ஐந்து கால் உள்ள ஒரு மிருகம் தன் வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வருவதை. அதுவும் அநேகமாக மேலிருந்து. ரத்தோட்டைப் பக்கத்து மலையடிவாரத்தில் மேலிருந்து வருவது பருந்தும் வல்லூறும்தான். தோல் கையுறை போட்டால் அந்த மிருகம் இன்னும் பெரிதாகிவிடுகிறது, அவ்வளவுதான்.

பயந்த கிளிக்கு இரண்டு வழிதான். ஒன்று, பறந்து போவது. அது முடியாவிட்டால் கடிப்பது. கூட்டுக்குள் முதல் வழி இல்லை. செட்டையை வெட்டிவிட்டால் வெளியிலும் இல்லை. அதனால்தான் "செட்டைய வெட்டிட்டா அடங்கிடும்" என்கிற பேச்சை நான் ஒத்துக்கொள்வதே இல்லை. ஓடுகிற வழியை அடைத்துவிட்டு ஏன் கடிக்கிறாய் என்று கேட்பது என்ன நியாயம்?

இஞ்சி தட்டிப் போட்ட சாயத்தண்ணி கொஞ்சம் உள்ளே போனதும் அவனுக்குப் பேச்சு வந்தது. "ஆனா டீச்சர், காரணமே இல்லாம கடிக்கிறான். சும்மா இருந்தான், திடீர்னு கடிச்சான்."

இந்தத் "திடீர்" தான் விஷயம். தமிழில் நாம் "கிளிப்பிள்ளைக்குச் சொன்ன மாதிரி" என்கிறோம். கிளிக்கு நாம் சொல்ல வேண்டும், கிளி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் கணக்கு. கிளி தன்பாட்டில் எதையாவது சொல்கிறதா என்று கேட்கிற வழக்கம் நம்மிடம் இல்லை. கடி வருவதற்கு முன்னால் அது நாலைந்து தடவை சொல்லியிருக்கும். முதலில் அசைவு நிற்கும். கடித்துக்கொண்டிருந்த விதை மூக்கிலேயே அப்படியே இருக்கும். அடுத்து, பொதுபொதுவென்றிருந்த இறகு உடம்போடு ஒட்டி, கிளி மெலிந்து நீண்ட மாதிரித் தெரியும். பிறகு எடையை ஒரு காலுக்கு மாற்றி, பின்னால் சாயும். முடிந்தால் குச்சியில் ஓரடி பக்கவாட்டில் நகரும். வளர்ந்த கிளியாக இருந்தால் கண்மணி சுருங்கி விரிந்து, சுருங்கி விரிந்து, டோர்ச்சை அணைத்து அணைத்துப் போடுகிற மாதிரி இருக்கும். உன் கிளிக்குக் கண் கறுப்பு என்பதால் அது கண்ணில் படாது. இறகையும் காலையும்தான் பார்க்க வேண்டும். கடைசியில் வாய் லேசாகத் திறக்கும். இவ்வளவும் மூன்று நாலு வினாடிக்குள் முடிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பொருள் ஒன்றுதான்: வேண்டாம். நாலு வேண்டாமும் காதில் விழாத ஆளுக்கு ஐந்தாவதுதான் அந்தப் பிளாஸ்டர்.

இதில் இன்னொரு சங்கதியும் இருக்கிறது. கிளி கடித்தது, நீ கையை இழுத்துக்கொண்டாய். கிளியின் பக்கத்திலிருந்து பார். பின்னால் சாய்ந்தேன், கை போகவில்லை. நகர்ந்தேன், போகவில்லை. கடித்தேன், போய்விட்டது. அடுத்த தடவை எதற்குச் சாய்ந்து நகர்ந்து நேரத்தை வீணாக்க வேண்டும், நேரே கடித்துவிடலாமே. கையுறை போட்ட அன்று சாதாரணக் கடிக்குக் கை போகவில்லை. இன்னும் அழுத்திக் கடிக்க வேண்டும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டது. மூன்று வாரமாக நீ கிளிக்குப் பாடம் நடத்தியிருக்கிறாய், பாடத்தின் தலைப்புதான் உனக்குத் தெரியவில்லை என்றேன். சிரித்துவிட்டான்.

"அப்ப, கடிச்சா கையை எடுக்காம தாங்கிக்கிறதா?"

அப்படியும் சொல்லுகிறவர்கள் உண்டு. எனக்கு அது வீரப் பேச்சாகத்தான் படுகிறது. சதை கிழியும்போது கை தானாகவே இழுக்கும். யாராலும் அடக்க முடியாது. தாங்கினாலும் கிளிக்குப் பயம் தெளியப்போவதில்லை. கடி வந்துவிட்டதென்றால் கத்தாமல், உதறாமல், கிளியைப் பக்கத்தில் உள்ள குச்சியில் இறக்கிவிட்டுப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கழுவு. விசர் நோய் பாலூட்டிகளின் நோய், கிளிக்கடிக்கு அந்தப் பயம் வேண்டாம். ஏற்பு ஊசி போட்டு எவ்வளவு காலம் என்று மட்டும் பார்த்துக்கொள். ஆனால் சாமர்த்தியம் கடியைத் தாங்குவதில் இல்லை. கடி தேவைப்படாத இடத்தில் கையை நிறுத்துவதில் இருக்கிறது.

ஐரீன் பெப்பர்பெர்க் என்கிற அமெரிக்க விஞ்ஞானி 1977இல் சிக்காகோவில் ஒரு கடையில் ஆபிரிக்கச் சாம்பல் கிளி ஒன்றை வாங்கினார். அலெக்ஸ் என்று பேர். நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லப் பழகி உலகப் பேர் வாங்கிய கிளி. 2007இல் 31 வயதில் செத்தது. அது எண்ணியதைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுவார்கள். எனக்குப் பிடித்தது வேறு. கேள்வி கேட்டுக் கேட்டு அலுத்துப்போனால் அலெக்ஸ் இங்கிலீஷில், திரும்பிப் போகவேண்டும் என்று சொல்லும். கூட்டுக்குத்தான். இல்லை என்றும் சொல்லத் தெரியும். அலெக்ஸிடம் வார்த்தை இருந்தது. உன் கிளியிடம் அதே நினைப்பு இருக்கிறது, வார்த்தைக்குப் பதில் இறகும் காலும் மூக்கும்.

இவ்வளவு பேசுகிற நானும் ஒரு காலத்தில் கிளியைக் கெடுத்தவள்தான். எனக்கு எட்டு வயது இருக்கும்போது மாமா, பட்டுப்போன தென்னையின் பொந்திலிருந்து பச்சைக்கிளிக் குஞ்சு ஒன்றை எடுத்துவந்து கொடுத்தார். லயத்து வாசலில் தகரப் பெட்டியில் கம்பி அடித்துக் கூடு. போகிற வருகிறவர்களெல்லாம் குச்சியை விட்டுச் சீண்டுவார்கள். அது எல்லோரையும் கடித்தது. "கெட்ட கிளி" என்று நானே பேர் வைத்தேன். ஒரு தீபாவளி இரவு வெடிச்சத்தம் அடங்கிய பிறகு போய்ப் பார்த்தேன். கூட்டின் அடியில் கிடந்தது. இருட்டில் மிரண்டு கம்பியில் மோதியே கிளிகள் செத்துப்போகும் என்று பின்னால்தான் தெரிந்தது.

பொந்துக் குஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை. தும்பர மலைப்பக்கம் சாம்பல் தலைக்கிளி ஒன்று உண்டு. சிங்களத்தில் அலு கிரவா என்பார்கள். உலகத்தில் இந்தத் தீவைத் தவிர வேறெங்கும் இல்லாத கிளி. அதன் குஞ்சைப் பொந்திலிருந்து எடுப்பது 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி குற்றம். இந்தியாவில் சாதாரணப் பச்சைக்கிளியைக் கூட்டில் வைப்பதே குற்றம். 2024 ஏப்ரலில் கடலூரில் ஒரு கிளி ஜோசியர், தேர்தலில் நின்ற சினிமா இயக்குநர் தங்கர் பச்சானுக்கு வெற்றி என்று சீட்டு எடுத்துக் கொடுத்தார். வனத்துறை வந்து ஜோசியரைப் பிடித்துக்கொண்டு போய் எச்சரித்து விட்டது; கிளிகளைப் பறிமுதல் செய்தது. தங்கர் பச்சான் தோற்றார். கிளிக்குத் தன் விடுதலை மட்டும்தான் சீட்டில் தெரிந்திருக்கும் போல.

ஆனால் கிளி ஜோசியரிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள ஒன்று உண்டு. சின்ன வயதில் மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தேர் பார்க்கப் போனால் எனக்குப் பஞ்சரதத்தைவிட வீதியோரத்துக் கிளி ஜோசியர் மேல்தான் கண். செட்டை வெட்டிய கிளி. அந்தப் பாவத்தை நான் நியாயப்படுத்தவில்லை. சின்னக் கதவு திறக்கும். கிளி தானாக நடந்து வெளியே வரும். சீட்டு வரிசையில் ஒன்றை மூக்கால் இழுத்துப் போடும். ஜோசியர் ஒரு நெல் மணி கொடுப்பார். தின்றுவிட்டுத் தானாகவே உள்ளே போகும். அவர் கிளியைத் தொடவே மாட்டார். கவனித்திருக்கிறாயா என்று கேட்டேன். கை உள்ளே போகவில்லை, கிளிதான் வெளியே வந்தது. ஒரு வேலை, ஒரு நெல். மேல்நாட்டுப் பயிற்சிப் புத்தகங்கள் பக்கம் பக்கமாக எழுதுகிறதை அந்த மனிதர் கோணிச்சாக்கில் உட்கார்ந்து செய்துகொண்டிருந்தார்.

"சரி டீச்சர், இன்னைக்குப் போயி என்ன செய்யட்டும்?"

இன்றைக்கு ஒன்றும் செய்யாதே என்றேன். கூட்டை மட்டும் இடம் மாற்று. விறாந்தையில் வீதிப்பக்கமாகத் தொங்குகிறதாம். லொறி, பஸ், கீழே நாய், மேலே கூரையில் குரங்கு. நாலு பக்கமும் வெட்டவெளியானால் கிளிக்கு நாலு பக்கமும் காவல் வேலை. வீட்டுக்குள் ஒரு மூலையில், முதுகுக்குச் சுவர் இருக்கிற மாதிரி, உன் நெஞ்சு உயரத்தில் வை. ராத்திரி பத்துப் பன்னிரண்டு மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும். தூக்கம் கெட்ட கிளிக்கும் தூக்கம் கெட்ட பிள்ளைக்கும் குணத்தில் வித்தியாசம் கிடையாது. குசினிப் பக்கம் மட்டும் வேண்டாம். நொன்ஸ்டிக் தாச்சி காய்ந்து போனால் வருகிற ஆவி நம் மூக்குக்குத் தெரியாது, கிளியைக் கொன்றுவிடும். நுளம்புச் சுருள் புகையும் ஆகாது. நம் மாத்தளைத் தோட்டமெல்லாம் காய்க்கிற ஆனைக்கொய்யாவை, அதுதான் அவக்காடோவை, ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதே, அது கிளிக்கு விஷம். குடித்து மிச்சமான தேத்தண்ணியும் வேண்டாம். கொச்சிக்காய் கொடு, தாராளமாக. பறவைக்கு அந்த உறைப்பே தெரியாது.

பிறகு சூரியகாந்தி விதை. கடையில் வாங்குகிற தீன் பொட்டலத்தில் கிளி முதலில் பொறுக்குவது அதைத்தான். கொழுப்பு அதிகம், அளவுக்கு மிஞ்சினால் ஈரலுக்குக் கேடு. ஆகவே தட்டிலிருந்து அதை எடுத்துவிடு. இனி அந்த விதை உன்னிடமிருந்து மட்டும்தான் வரும். மற்றத் தீன் எப்போதும் போல இருக்கட்டும், பட்டினி போட்டுப் பழக்குவது பழக்கம் இல்லை, வதை. (அந்தப் பொட்டலத்தில் தினையும் இருக்கிறது. தினைப்புனத்தில் பரணில் ஏறி ஆலோலம் பாடிக் கிளி விரட்டியவள் நம் கதிர்காமத்து வள்ளி. அவள் காத்த தானியத்தை நாம் காசு கொடுத்து வாங்கி அதே கிளிக்குப் போடுகிறோம்.)

முதல் வாரம் இதுதான் வேலை: கூட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு விதையைத் தட்டில் போடு, நிற்காமல் போ. பேசாதே, உற்றுப் பார்க்காதே. இரண்டு கண்ணையும் நேரே வைத்துப் பார்ப்பது இரையைக் குறிவைக்கிற விலங்கு செய்வது. பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது கூட்டுக்கு ஐந்தாறு அடி தள்ளி, பக்கவாட்டாக உட்கார்ந்து பேப்பர் படி. நீ உட்கார்ந்த பிறகும் கிளி தின்கிறதா, இறகைக் கோதுகிறதா என்று ஓரக்கண்ணால் பார். தின்கிறது என்றால் அந்தத் தூரம் அதற்குச் சம்மதம். அடுத்த நாள் நாற்காலியை ஒரு சாண் முன்னுக்கு இழு. தின்பதை நிறுத்தினால் ஒரு சாண் பின்னுக்கு.

அந்தப் பின்னுக்குப் போவதுதான் முக்கியம் என்று அவனுக்கு விளங்க வைக்கத்தான் எனக்கு இரண்டாவது தேத்தண்ணி தேவைப்பட்டது. மேசையில் பிஸ்கட் தட்டைக் கிளியாக வைத்து என் கையைக் கொண்டுபோய்க் காட்டினேன். கை வருகிறது. கிளி அசையாமல் நின்றுவிட்டது, இறகு ஒட்டுகிறது. இங்கேயே நிறுத்து. கிளி சாய்வதற்கு முன்னால், மெதுவாக, நீயே கையை எடுத்துவிடு. இப்போது கிளிக்கு ஒரு புதுச் செய்தி போகிறது: கடிக்கத் தேவையில்லை, சும்மா நின்றாலே இவன் புரிந்துகொண்டு போய்விடுகிறான். பத்துத் தடவை இப்படி நடந்தால் அந்தக் கை கிளிக்கு வேறு கையாகிவிடும். தோற்றுப்போய் விட்டுக்கொடுக்கிற மாதிரித்தான் நமக்குத் தோன்றும். ஆம்பிளைகளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தோன்றும், நான் பார்த்த வரைக்கும்.

அடுத்தது கரண்டி. நீளக் காம்புக் கரண்டியின் நுனியில் ஒரு விதையை வைத்துக் கம்பி வழியே நீட்டு. விரல் தூரத்தில் இருக்கும். நாள் போகப் போகக் காம்பைக் கிட்டப் பிடி. கரண்டியில் பயமில்லாமல் எடுக்கத் தொடங்கினால் ஈர்க்கு ஒன்றைக் காட்டு. கிளி எதையும் மூக்கால்தான் தொட்டுப் பார்க்கும். தொட்ட அந்த நொடியே நாக்கால் ஒரு "டக்" சத்தம், உடனே ஒரு விதை. சத்தம் எதற்கென்றால், விதை வாய்க்குப் போக இரண்டு வினாடி ஆகும், அதற்குள் கிளி வேறு என்னவாவது செய்துவிடும்; எதற்காகக் கிடைத்தது என்று குழம்பும். சத்தம் சரியான நொடியில் முத்திரை குத்திவிடும். கொஞ்ச நாளில் ஈர்க்கு போகிற இடமெல்லாம் கிளி நடந்து வரும். கூட்டுக் கதவுக்கு வரும், கதவு தாண்டி ஒரு தடியில் ஏறும். கடைசியில்தான் அந்தத் தடியின் இடத்தில் உன் கை. மேலிருந்து அல்ல, நெஞ்சுக்குக் கீழே, காலுக்கு நேராக. அப்போதும் ஏறுவதற்கு முன்னால் மூக்கைக் கொண்டுவந்து விரலைப் பிடிக்கும். பதறி இழுத்துவிடாதே. கிளை தாங்குமா என்று மூக்கால் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்தக் கிளியும் காலை எடுத்து வைக்கும். அதைக் கடி என்று நினைத்துக் கையை ஆட்டியவர்கள்தான் பாதிக் கிளிகளைக் கெடுத்தது.

"எத்தனை நாள் ஆகும்?"

சில கிளிக்கு மூன்று வாரம். வலையில் பிடிபட்டு, கையுறையைப் பார்த்த கிளிக்கு மூன்று நாலு மாதமும் ஆகலாம். இந்தச் சாதி இருபது வருசத்துக்கு மேலேயும் இருக்கும். நாலு மாதம் என்ன பெரிய கணக்கு. கை மேல் ஏறினாலும் தடவிக்கொடுக்க விடாத கிளிகள் இதில் நிறைய உண்டு, அதற்கும் மனதைத் தயார் செய்துகொள். பழகின கிளி திடீரென்று மறுபடி கடித்தால் மட்டும் குணக்கேடு என்று நினைக்காமல் உடம்புக்கு என்ன என்று பார். வருத்தத்தை மறைப்பதில் பறவைகள் கெட்டிக்காரர்கள். பேராதனையில் மிருக வைத்திய பீடம் இருக்கிறது, கண்டி தாண்டினால் வந்துவிடும்.

போகும்போது கதவடியில் நின்று, "கையுறைய மச்சானுக்கே திருப்பிக் குடுத்துர்றேன் டீச்சர்" என்றான்.

போன புதன்கிழமை உக்குவெலைப் பக்கம் ஒரு வேலையாகப் போனவள் அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அவன் வேலைக்குப் போயிருந்தான். கூடு மூலைக்கு வந்திருந்தது. ஈர்க்குகள் துண்டு துண்டாகக் கீழே கிடந்தன. தொடச் சொன்னால் கடித்து நொறுக்கியிருக்கிறது. கூட்டுக்கு முன்னால் மகள், நீளக் கரண்டியோடு. கரண்டியில் ஒரே ஒரு விதை. கிளி இரண்டு அடி கிட்ட வந்தது. கழுத்தை நீட்டியது. என்னைப் பார்த்ததோ என்னவோ, அப்படியே நின்றது. இறகு ஒட்டியது.

பிள்ளை கரண்டியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, விதையைத் தட்டில் போட்டாள். என் பக்கம் திரும்பி, ரகசியம் சொல்கிற குரலில், "வேணாங்குறான் பாட்டி. பொறகு கேக்குறேன்" என்று சொல்லிவிட்டு, பாதியில் விட்ட கணக்குக் கொப்பியைத் தேடிப் போனாள்.